இரண்டு பத்து முதல் ஐந்து நாற்பது வரை

ஜெலுத்தோங்கில், உதிரிபாகக் கடைக்கு மேலே,
குடியிருப்பாளர் சங்கத்தின் அகப்பக்கத்துக்கு
வரைபடம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.
கூலி அறுநூறு வெள்ளி.
அதில் பாதி, "அடுத்த மாசம் தரேன் லா."

பாலத்தடியில் ஒரு சென்சார்.
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்
ஆற்றின் உயரத்தை அளந்து அனுப்புகிறது.
எண்களைக் கொட்டினேன், கோடு எழுந்தது.
சுட்டியைக் கொண்டுபோனால்
ஒவ்வொரு புள்ளியும் சின்னப் பெட்டி திறந்து
தன் நேரத்தையும் உயரத்தையும் ஒப்பிக்கிறது,
வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்கும்
பிள்ளைகள் மாதிரி.

செயலாளர் குணாளன் வந்து பார்த்தார்.
பக்கம் திறக்கும்போதே
கோடு துள்ளிக்கொண்டு ஏறவேண்டும் என்றார்.
அப்புறம் நல்ல நீலம், கடல் மாதிரி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் இருப்பது ஏ பிளாக், பதினாலாவது மாடி.

சிக்கல் ஒரே ஒரு இரவில்.
இரண்டு பத்துக்கு ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர்.
அடுத்த எண் விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு,
அதே ஒன்று புள்ளி ஒன்பது.
நடுவில் இருபது கட்டங்கள் காலி.
சென்சார் முழுகிப்போயிருந்தது.

மென்பொருளுக்கு இளகிய மனசு.
இடைவெளியைக் கண்டால் தாங்காது.
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
நேராக ஒரு கோடு இழுத்துவிட்டது.
வெள்ளம் வந்த மூன்றரை மணி நேரமும்
ஆறு அசையாமல் படுத்திருந்தது, என் திரையில்.

காலியைப் பூச்சியமாக்கிப் பார்த்தேன்.
ஆறு தரைவரை வற்றியது.
இது முந்தியதைவிடப் பெரிய பொய்.

பி பிளாக்குக்குப் போனது இதற்காக அல்ல.
விரலால் தொட்டால் பெட்டி திறக்கிறதா என்று பார்க்க
கண்ணாடி கீறிய மலிவுக் கைப்பேசி ஒன்று வேண்டியிருந்தது.
சரஸ்பதியிடம் இருந்தது.
(பிறப்புப் பதிவில் யாரோ தவறிப் போட்ட அந்த 'ப'
நாற்பத்தாறு வருடமாக அடையாள அட்டையில் இருக்கிறது.)
வரைபடத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தவர்
அந்த இரவில் நிறுத்தினார்.
"இங்க ஏன் தட்டையா இருக்கு?"

பாயான் லெப்பாஸ் சிப் ஆலையில் அவருக்கு வேலை,
அரை மணிக்கு ஒரு தரம் மீட்டர் பார்த்துத் தாளில் எழுதுவது.
அன்றைக்கு விடுமுறை.
வீட்டு வாசல் பன்னிரண்டாம் படி.
மின்சாரம் போனபின் படியில் வந்து உட்கார்ந்தார்.
கைப்பழக்கம் சும்மா விடுமா,
கிடைத்தது புருவப் பென்சில்.

டார்ச் அடித்துச் சுவரைக் காட்டினார்.
இரண்டரை, மூன்றாம் படி.
மூன்று, ஐந்து.
மூன்றரை, ஏழு. பக்கத்தில் பொடியாக:
ஷரிபா மோட்டார் போச்சு.
நாலு, ஏழரை.
அரைக்கு அடியில் இரண்டு தரம் அழுத்திய கோடு.
ஐந்து, நாலாம் படி.
"நாலரை?"
"கண்ணசந்துட்டேன்" என்றார்,
மேற்பார்வையாளர் முன்னால் நிற்கிற முகத்தோடு.

நாடா வைத்து ஒரு படியை அளந்தேன்.
பதினேழு சென்டிமீட்டர்.
மீட்டராக மாற்றத்தான் அளந்தேன்.
மாற்றவில்லை.

இப்போது அந்த இடத்தில் கோடு அறுந்து கிடக்கிறது.
அறுந்த வெளியில், ஒன்றோடொன்று ஒட்டாமல், ஐந்து புள்ளிகள்.
தொட்டால் சொல்லும்:
மணி நாலு. படி ஏழரை. பார்த்தவர் இன்னார்.
துள்ளலை எடுத்துவிட்டேன்,
தண்ணீர் ஏறியபோது யாரும் துள்ளியதாகத் தகவல் இல்லை.

"கோடு பழுதா?" என்று கேட்டார் குணாளன்.
இல்லை என்றேன்.
"நீலம் என்னாச்சு?"
மேசையில் ஆறிக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் காட்டினேன்.
அந்த நிறத்துக்குத்தான் எண் தேடி எடுத்திருந்தேன்.
ஏழரையின் மேல் விரலை வைத்தார்.
விரலை எடுக்கும்வரை பெட்டி மூடவில்லை.
எடுக்க நேரமானது.

நாலரை மணி காலியாகவே இருக்கிறது.
அங்கே தொட்டால் ஒன்றும் திறக்காது.

ராத்திரி சரஸ்பதியிடமிருந்து குரல்செய்தி.
பின்னால் மழைச் சத்தம்.
"எல்லாம் சரியா இருக்குமா. என் பேரில்தான்
'வ' போட்டிருக்கே. மாத்திடு.
அட்டையில எப்படியோ, அப்படி."